காற்றுப் புகாத வீடு

நவம்பர் 2

தீபாவளி முடிந்தும் தெருவில் கந்தக வாடை போகவில்லை. என் மனைவி உலகம்மாள் தீபாவளியன்று முழுக்கக் குளியலறையில் உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டில் தெருவைப் பார்க்காத அறை அது ஒன்றுதான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தலையணை, கதவிடுக்கில் ஈரத்துண்டு. வெளியே நான் நெபுலைசரோடு காவல். எதிர்வீட்டுத் தனபால் பத்தாயிரம் வாலாவை எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே வைத்துத்தான் கொளுத்தினான். தற்செயல் என்கிறாள் உலகம். இந்த வடசென்னைத் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து இங்கே தற்செயலாக எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

இன்று டாக்டர் ஷமீமாவிடம் போனோம். ஊதச் சொல்லி, படம் பார்த்தார். பிறகு உலகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "நுரையீரல்ல மிச்சம் இருக்கறது கொஞ்சம்தாம்மா. போனது திரும்பி வராது. இருக்கறதைக் காப்பாத்தி வெச்சுக்கணும்" என்றார். என் பக்கம் திரும்பினார். "சார், போகிக்கு இந்த ஊர்லயே இருக்காதீங்க. ரெண்டு நாள் முன்னாடியே கூட்டிட்டுப் போயிடுங்க. சொந்த ஊர் எது?"

நான் வாயைத் திறப்பதற்குள் உலகம் "தென்காசி" என்றாள்.

"அப்புறம் என்ன யோசனை? அதைவிட நல்ல காத்து எங்க கிடைக்கும்?"

வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவன் நான். துகள் என்றால் என்ன, எந்த இடுக்கில் நுழையும் என்பதை எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தேவை நல்ல ஊர் அல்ல, நல்ல அறை.

நவம்பர் 3

தென்காசிக்குப் போவதில்லை. காரணத்தை எழுதி வைக்கிறேன், பிற்பாடு என் மேல் பழி வரக்கூடாது.

கோமதிநாயகம், உலகத்தின் தம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் உரக்கடை வைத்திருப்பவன், சில வருடங்களுக்கு முன் வீடு கட்டிப் பால் காய்ச்சினான். அழைப்பிதழில் என் பெயர் 'திரு. அருணகிரி, சென்னை.' முனைவர் இல்லை. பேராசிரியர் இல்லை. அதே அட்டையில் ஒரு கவுன்சிலருக்கு மூன்று வரி. சரி, அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்று பொறுத்துக்கொண்டேன். மதியம் முதல் பந்தியில் உட்கார்ந்தேன். இலை போட்டாகிவிட்டது. தண்ணீர் தெளித்துவிட்டேன். கோமதிநாயகம் வந்து என் தோளைத் தொட்டு, "அத்தான், இதுல உரக் கம்பெனிக்காரங்க உக்காரட்டும். நீங்க நம்ம வீட்டாளுதான, அடுத்த பந்தியில உக்காரலாம்" என்றான். எழுந்தேன். ஹால் முழுக்கப் பார்த்தது. அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். அந்த வாசல்படியை இனி மிதிப்பதில்லை என்று அப்போதே உலகத்திடம் சொல்லிவிட்டேன்.

அவளை மட்டும் அனுப்பலாம்தான். அனுப்பினால், 'பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ள வக்கில்லாமல் இங்கே கொண்டுவந்து விட்டான்' என்று கடைக்கு வருகிறவனிடமெல்லாம் சொல்வான்.

நவம்பர் 10

இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று யாரும் பேசுவதில்லை. என் மாமியார் தென்காசியில் ஓட்டல் நடத்தினார். விறகடுப்பு. ஈர விறகை ஊதி ஊதி எரிய வைத்தது பள்ளிக்கூடம் விட்டு வந்த உலகம். தம்பி கல்லாவில். கல்யாணம் ஆகும்வரை ஊதியிருக்கிறாள். பிறந்த வீட்டுச் சீதனமாக அவள் எனக்குக் கொண்டுவந்தது அந்தப் புகையைத்தான். இப்போது நல்ல காற்றுக்கு அதே வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

இதை அவளிடமே சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அந்த ஓட்டல் காசுலதான் ஒங்க பிஎச்டிக்குப் பணம் கட்டினோம்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு சண்டை போட அவளால் மட்டும்தான் முடியும்.

நவம்பர் 23

வேலை ஆரம்பித்துவிட்டேன். படுக்கையறை ஜன்னல் இரண்டும் மூடி, சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை, அதன் மேல் டேப். பால்கனிக் கதவின் அடியில் பஞ்சு வைத்துத் தைத்த நீள உறை. ஏ.சி. மெக்கானிக்கிடம் சொல்லி சுவரில் இருந்த பழைய ஓட்டையை அடைத்தேன். காற்று சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்று முன்பே இருக்கிறது, அது போதாது. பெட்டி மின்விசிறி ஒன்றின் நான்கு பக்கமும் வடிகட்டி அட்டை கட்டி நானே இன்னொன்று செய்தேன். கல்லூரிச் சோதனைக்கூடத்தில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

"ஜெயிலு மாதிரி இருக்கு" என்றாள் உலகம்.

"ஜெயிலில் இவ்வளவு நல்ல காற்று வராது" என்றேன். சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

டிசம்பர் 4

வில்வநாதனைத் துறைத்தலைவர் ஆக்கிவிட்டார்கள். அவனுடைய ஆய்வேட்டில் சமன்பாடுகளைத் திருத்திக் கொடுத்தவன் நான். வாழ்த்துச் சொல்ல அறைக்குள் போனேன். "உட்காருங்க அருணகிரி" என்றான். சார் இல்லை.

வீட்டில் இதைச் சொல்லவில்லை.

டிசம்பர் 8

கல்லூரி சீக்கிரம் முடிந்து வந்தேன். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு வாசலில் உலகத்தின் செருப்பு.

தனபால் முனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். ஒவ்வொரு போகிக்கும் தெரு நடுவில் டயர் மலை எழுப்பி எரிக்கிறவன் அவன்தான். மூன்று வருடத்துக்கு முன் நான் கீழே போய் எரியும் டயர் மேல் வாளித் தண்ணீரை ஊற்றினேன். "இன்னா சார், வாத்தியாரு வேலைய காலேஜோட வெச்சுக்க" என்று தெருவே சிரிக்கச் சொன்னான். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. அவன் வீட்டில் என் மனைவி.

முகக்கவசத்தோடு வெளியே வந்தாள். பின்னாலேயே தனபாலின் மனைவி அமுலு, கையைப் பிடித்துப் படியிறக்கி விட்டாள். "சார், அக்கா சும்மா பேசினு இருந்தாங்க. திட்டாதீங்க" என்றாள். நான் திட்டுவேன் என்று இவளுக்கு யார் சொன்னது?

மாடி ஏறி வந்ததும் உலகம் பேச முடியாமல் வெகுநேரம் கட்டிலைப் பிடித்துக் குனிந்திருந்தாள். முதுகைத் தடவிவிட்டேன். எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்படுகிறது. இனி என்னைக் கேட்காமல் வெளியே போகக்கூடாது என்று சொன்னேன்.

"பேசத்தான் போனேன்" என்றாள்.

"அவளோடு பேச என்ன இருக்கிறது?"

"ஒங்களுக்கு யாரோடயும் பேச ஒண்ணும் இல்ல. எனக்கு இருக்கு."

டிசம்பர் 15

கோமதிநாயகம் போன். ஸ்பீக்கரில் போட்டாள், வேண்டுமென்றே. "அத்தான் நல்லாருக்காவளா? போகிக்கு முந்தியே வந்துருங்க. கீழ ரூமை ஒதுக்கி வெச்சிருக்கேன், மாடி ஏற வேண்டாம். ஆக்சிஜன் மெசினுக்கும் சொல்லி வெச்சிருக்கேன். கார் அனுப்புதேன். அத்தானையும் கூட்டிட்டு வா. அவிய வரலன்னா எனக்கு மனசு ஒப்பாது."

'அவிய வரலன்னா.' பந்தியில் எழுப்பும்போது மனசு எங்கே போயிருந்தது?

உலகம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவிய யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லுதாவ" என்று தம்பியிடம் பொய் சொன்னாள். போனை வைத்துவிட்டு, "ஒரு தடவை. எனக்காக" என்றாள்.

வடிகட்டி அட்டை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினேன்.

டிசம்பர் 27

இன்று சோதனை. உலகத்தை அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். வெளியே பால்கனியில் ஊதுவத்திக் கட்டைப் பிரித்து மொத்தமாகக் கொளுத்தினேன். வாடை தெரிந்தால் கதவைத் தட்டு என்று சொல்லியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டினாள், வேகமாக. திறந்தால் முகம் நீலம் பாரித்திருந்தது. இடது ஜன்னலின் கீழ் மூலையில் டேப் விட்டிருக்கிறது. கண்டுபிடித்து ஒட்டினேன். சோதனை இல்லாமல் இது தெரிந்திருக்காது.

நெபுலைசர் முடிந்த பிறகு, "எனக்குச் சோதனை வைக்க ஒங்களுக்குப் போகி வரை பொறுமை இல்ல" என்றாள்.

ஜனவரி 3

மறுபடி வெளியே போயிருக்கிறாள். ஒரு வீடு இல்லை, தெரு முழுக்க. மளிகைக்கடைக்காரர் என்னிடம் சொல்கிறார், "மேடம் நேத்து எங்க வீட்டுக்கு வந்தாங்க சார். பாவம், வாசல்லயே உக்காந்துட்டாங்க. நாங்க ஒண்ணும் எரிக்கறதா இல்லைனு சொல்லிட்டோம்." எனக்குத் தலைகுனிவாக இருந்தது. என் மனைவி வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்டிருக்கிறாள்.

சாயங்காலம் கேட்டேன். மறைக்கவில்லை. "நானும் அமுலுவும் எல்லா வீட்டுலயும் பேசியாச்சு. இந்த வருசம் நம்ம தெருவுல ஒருத்தரும் எரிக்க மாட்டாவ. பழைய சாமானை மாநகராட்சி லாரில குடுத்துரலாம்னு முடிவு. தனபாலுதான் எல்லார்ட்டயும் வாங்கி வெச்சுக் குடுக்கப் போறாரு."

"தனபால்?"

"ஆமா. அவருதான்."

"உன்னிடம் ஒன்று சொல்லிவிட்டு அவன் வேறொன்று செய்வான்."

"ஒங்களுக்கு எல்லாரும் அப்படித்தான்." பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நம்புங்க. இந்த ஒரு தடவை பேசாம இருங்க. அதுவே போதும்."

சரி என்றேனா இல்லையா என்று நினைவில்லை. தலையாட்டியிருக்கலாம்.

ஜனவரி 9

தனபால் கடைக்குப் பக்கத்துக் காலி மனையில் டயர் சேர்கிறது. கிழிந்த பாய், மெத்தை, உடைந்த நாற்காலி. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தனபாலின் தம்பி டில்லி தலையில் சுமந்து கொண்டுபோய்ப் போடுகிறான். ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. எங்கள் ஜன்னலிலிருந்து நேராகத் தெரிகிறது. மற்ற வருடங்களைவிட இரண்டு மடங்கு பெரியது.

இதுதான் எரிக்காமல் இருக்கிற லட்சணம்.

உலகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "லாரிக்குச் சேக்காவ" என்றாள். லாரி எப்போது வரும் என்று கேட்டேன். பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் என்றாள். போகிக்கு முந்தின நாள்! எவ்வளவு வசதியான தேதி. லாரி வரவில்லை என்று சொல்லிவிட்டுப் பற்றவைத்துவிடலாம்.

ஜனவரி 11

புகார் கொடுத்துவிட்டேன். ஆறு பக்கம், தட்டச்சு. குவியலின் படங்கள், டயர் எரிந்தால் வெளியாகும் வேதிப்பொருட்களின் பட்டியல், என் மனைவியின் மருத்துவச் சான்று, முந்தைய வருடங்களின் விவரம், முக்கியக் குற்றவாளியின் பெயர், தகப்பன் பெயர், தொழில். இன்ஸ்பெக்டர் முதல் பக்கத்தைப் படித்தார். "டாக்டரா சார் நீங்க? உட்காருங்க, உட்காருங்க" என்றார். முனைவர் என்று விளக்கினேன். "எல்லாம் ஒண்ணுதான் சார். நாளைக்கே ஆளைத் தூக்கிடறோம்" என்றார்.

வெகுநாளைக்குப் பிறகு ஓர் அலுவலகத்திலிருந்து தலை நிமிர்ந்து வெளியே வந்தேன்.

உலகத்திடம் சொல்லவில்லை. அவள் மனசை அலட்டிக்கொள்ளக்கூடாது.

ஜனவரி 12

மதியம் ஜீப் வந்தது. தனபால் கடைக்குள்ளே ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். வெளியே இழுத்தார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தான், கான்ஸ்டபிள் கன்னத்தில் அறைந்தார். அது அவசியமில்லை, நான் புகாரில் அப்படிக் கேட்கவும் இல்லை. அமுலு ஜீப்பின் பின்னாலேயே ஓடினாள்.

உலகம் ஜன்னலில் நின்று பார்த்தாள். டேப் ஒட்டிய கண்ணாடியைக் கையால் தட்டினாள். வெளியே கேட்காது. என் பக்கம் திரும்பி, "நீங்களா?" என்றாள்.

நான் விளக்கினேன். சட்டப்படி, அவள் பாதுகாப்புக்காக.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "லாரி வார நேரத்துக்கு அந்த மனுசன் இருக்க மாட்டாரே" என்றாள்.

சாயங்காலம் லாரி வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். தெருவில் ஒருவரும் ஒரு டயரைக்கூடத் தூக்கிப் போடவில்லை. டில்லி மனையின் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "எங்க அண்ணன் வரட்டும், அப்பால எடுத்துக்க" என்றான். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். போகும்போது டில்லி எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்தான்.

அறையை மறுபடி பரிசோதித்தேன். இரண்டு இயந்திரமும் ஓடுகின்றன, வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் எந்திரமும் கட்டிலருகே தயார். எல்லாம் சரி.

ஜனவரி 13

ஆஸ்பத்திரி.

ஜனவரி 15

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

போகி விடியலில் சிறுவர்களின் மேளச் சத்தத்தில் விழித்தேன். டில்லியும் நாலைந்து பேரும் டயர்களை மனையிலிருந்து உருட்டி வந்து எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்தினேன். டில்லி மேலே பார்த்து, "இன்னா புரொபசரு, எரிக்கறோம்னு எழுதிக் குட்த்தியாமே? உம் பேச்சு பொய்யாக் கூடாது பாரு" என்றான். பெட்ரோல் ஊற்றினான்.

அறை தாங்கியது. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் அரைமணி நேரம் உள்ளே வாடையே இல்லை. உலகம் கட்டிலில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தீ மின்கம்பத்தில் ஏறி ஒயர் உருகியது. தெரு முழுக்க மின்சாரம் போயிற்று. இரண்டு இயந்திரமும் நின்றன. ஆக்சிஜன் எந்திரமும் நின்றது. எந்த முட்டாளும் முன்கூட்டி யோசிக்கக்கூடிய விஷயம் இது என்று கோமதிநாயகம் பிறகு போனில் சொன்னான். இன்வெர்ட்டருக்குச் சொல்லி வைத்திருந்தேன், பொங்கல் கழித்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மூடிய அறையில் மூச்சு முட்டியது. திறந்தால் புகை. நான் கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. உலகம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கதவைக் காட்டினாள். திறந்தேன். படிக்கட்டு முழுக்கக் கருப்பாக இருந்தது.

அந்தக் கருப்புக்குள்ளிருந்து தனபால் வந்தான். ஸ்டேஷனிலிருந்து அப்போதுதான் விட்டிருக்கிறார்கள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "அக்கா, கண்ண மூடிக்க" என்று சொல்லி ஈரச் சாக்கை அவள் மேல் போர்த்தித் தூக்கிக்கொண்டு இறங்கினான். கீழே அமுலு டில்லியை விளக்குமாற்றால் அடித்துக்கொண்டிருந்தாள். "எவன் சொன்னான்னு கொளுத்தின நீ? அந்தப் பொம்பள உனுக்கு இன்னாடா பண்ணிச்சு?" என்று. டில்லி அடி வாங்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

சுமை ஆட்டோவில் போனோம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஓட்டிக்கொண்டே தனபால் ஒன்று கேட்டான், கோபமாகக்கூட இல்லை. "குடுக்கறதுக்குத்தான சார் சேத்து வெச்சோம். அக்கா உனுக்குச் சொல்லல?"

வண்டிச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஜனவரி 18

தீவிர சிகிச்சைப் பிரிவு. முகத்தில் இறுக்கிக் கட்டிய மூச்சுக் கவசம், அவளால் பேச முடியாது. பார்வை நேரத்தில் போய் அவளுக்கு நல்ல செய்தி சொன்னேன். கொளுத்தியவன் டில்லி என்றாலும் குவியலைச் சேர்த்தவன் என்ற வகையில் தனபால் மேலும் வழக்குப் போட்டிருக்கிறார்கள். கடையைச் சீல் வைக்கவும் வழியிருக்கிறது.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். களைப்பு.

டாக்டர் ஷமீமா என்னை வெளியே அழைத்து, "இருந்த மிச்சத்துலயும் பாதி போயிடுச்சு சார்" என்றார். ஏன் ஊருக்குப் போகவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

ஜனவரி 25

கோமதிநாயகம் ஆம்புலன்ஸோடு வந்து தென்காசிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். உலகமே கேட்டிருக்கிறாள். என்னிடம் அல்ல, நர்ஸிடம், கையால் எழுதிக் காட்டி.

அவன் என் எதிரில் வந்து நின்றான். தலை நரைத்துவிட்டது. "அத்தான், நடந்தது நடந்துட்டு. நீங்களும் ஏறுங்க" என்றான்.

உலகம் ஸ்ட்ரெச்சரில் இருந்தபடி கவசத்தைக் கொஞ்சம் விலக்கினாள். ஒவ்வொரு சொல்லாக வந்தது. "தனபாலு மேல உள்ள கேசை எடுத்துட்டு வாங்க. எடுக்காம வராதீங்க."

கதவைச் சாத்தினார்கள். என் புகாரில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. படங்கள் இருக்கின்றன.

ஜனவரி 29

ஜன்னல் டேப்பைப் பிரிக்கவில்லை. அறையில் அவள் தைலத்தின் வாடை அப்படியே இருக்கிறது. அந்த அளவுக்கு நன்றாக அடைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 1

வில்வநாதன் அறைக்கு அழைத்து, வேண்டுமானால் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னான். "மேடம் எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்டான். மூன்று நாளாக நான் போன் செய்யவில்லை. கேசைப் பற்றிக் கேட்பாள்.

பிப்ரவரி 3

கோமதிநாயகம் போன் செய்தான். "அத்தான், நெஞ்சுல சளி கட்டிட்டு. பெரியாஸ்பத்திரில சேத்திருக்கு. ஒங்களைத்தான் கேக்கா. உடனே கெளம்புங்க." அவள் காதில் வைக்கச் சொன்னேன். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. மரத்தை அறுப்பது மாதிரி. பிறகு, "கேசு?" என்றாள்.

"நாளைக்கு" என்றேன். "காலையில் முதல் வேலை."

போனை வைத்ததும் கோமதிநாயகம் மறுபடி அழைத்தான். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம் அத்தான், மொதல்ல வாங்க." அவனுக்குப் புரியாது. எடுக்காமல் வராதே என்று சொன்னது அவள். இத்தனை வருடத்தில் அவள் சொன்ன எதையும் நான் அப்படியே செய்ததில்லை. இதையாவது செய்துவிட்டுப் போய் நிற்க வேண்டும்.

எதிர்வீட்டுக்குப் போனேன். அந்தக் கதவை நான் தட்டுவது இதுவே முதல்முறை. தனபால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் வந்தால்தான் வாபஸ் வாங்க முடியும் என்று இன்ஸ்பெக்டர் போனில் சொன்னதைச் சொன்னேன். தட்டில் கையைக் கழுவிவிட்டு, "வரேன் சார்" என்றான். அவ்வளவுதான்.

பிப்ரவரி 4

வண்டியில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலையில் ஸ்டேஷன் திறந்த கையோடு போய்விட்டோம். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். புகாரைக் கொடுத்த அன்று நாற்காலி போட்டவர்கள் இன்று பெஞ்சைக் காட்டினார்கள். தனபாலும் நானும் ஒரே பெஞ்சில்.

கொஞ்ச நேரம் பொறுத்து அவன், "சார், நீ கெளம்பு. நான் இருந்து முடிச்சுட்டு வரேன். அக்காவப் போய்ப் பாரு" என்றான்.

"புகார்தாரர் கையெழுத்து வேண்டும்."

"வெத்துப் பேப்பர்ல போட்டுக் குடுத்துட்டுப் போ சார். நான் இன்னா உன் சொத்தையா எழுதிக்கப் போறேன்?"

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. முழுதாக முடித்துவிட்டுத்தான் போவேன் என்றேன்.

ஒருவழியாக ரைட்டர் கூப்பிட்டார். "காரணம்னு ஒரு வரி எழுதுங்க சார்" என்று தாளை நீட்டினார். ஆறு பக்கம் தட்டச்சு செய்தவனுக்கு ஒரு வரி வரவில்லை. 'தவறாகப் புரிந்துகொண்டதால்' என்று ஆரம்பித்து அடித்தேன். இன்னொரு தாள் கேட்டேன். அப்போது போன் அடித்தது. கோமதிநாயகம். கையில் பேனா இருந்ததால் தனபாலிடம் கொடுத்து எடுக்கச் சொன்னேன். அவன் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே குந்தி உட்கார்ந்தான்.

திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தான். என்னவாம் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். நீ எழுதி முடி."

'இருதரப்பும் சமாதானமாகப் போவதால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரைட்டர் படித்துவிட்டு, "சமாதானமாய்யா?" என்று தனபாலைக் கேட்டார். "அட, ஆமா சார். சீக்கிரம் சீலப் போடு" என்றான். குரல் உடைந்திருந்தது. நகல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். தனபால் வேண்டாம் என்றான். மச்சான் காரை வாங்கி வந்து, கடையைச் சாத்தி, அவனே ஓட்டுகிறான். அமுலுவும் ஏறிக்கொண்டாள். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று கேட்டேன். அமுலு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன் தனபாலிடமே இருக்கிறது, சார்ஜ் போட்டிருப்பதாகச் சொன்னான். நான் திருப்பிக் கேட்கவில்லை.

விழுப்புரம் தாண்டியதும் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாமே என்றேன். "நிதானமாவே போலாம் சார்" என்றான்.

இப்போது சமயபுரம் முனை. அமுலு இறங்கிப் போய்ப் பெரிய ரோஜா மாலை ஒன்று வாங்கி வந்தாள். மஞ்சள், குங்குமம், வளையலும். அம்மன் கோயிலுக்கு என்று நினைத்தேன். வண்டி கோயில் பக்கம் திரும்பவில்லை, நேராகத் திருச்சி ரோட்டில் போகிறது. மாலையை மடியில் வைத்துக்கொண்டு அமுலு அழுகிறாள். தனபால் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொள்கிறான்.

உலகத்திடம் நகலைக் காட்ட வேண்டும்.